புற்றில் முளைக்கும் புதையல்... எந்தக் காளானை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது?

ராத்திரி முழுக்க இடியும் மழையும். விடிந்தும் விடியாத நேரத்தில், அந்தியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் கதவு திறக்கிறது. ஒரு கையில் குச்சி, மறு கையில் தூக்குப்போசி, தலையில் துண்டு... அம்மாயி கிளம்பிவிட்டார். பின்னாலேயே லீவுக்கு வந்திருக்கும் பேரன், கையில் செல்போனோடு.

அம்மாயிக்கு வழி கேட்க வேண்டிய அவசியம் இல்லை. வேலி ஓரத்துப் புற்று, வேப்பமரத்தடி, கிணற்று மேடு என்று மூன்றே இடங்கள்தான். போன வருஷம் எங்கே பூத்ததோ, இந்த வருஷமும் அங்கேதான். குச்சியால் தட்டிப் பார்த்து, பாம்பு இல்லை என்று தெரிந்த பிறகே குனிகிறார். ஈர மண்ணைப் பிளந்துகொண்டு, கூர் மூக்கோடு எட்டிப் பார்க்கின்றன சாம்பல் நிறக் காளான்கள். அரை மணி நேரத்தில் தூக்குப்போசி பாதி நிறைந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில்தான் அந்தச் சம்பவம். புதிதாக வீடு கட்டியவர்கள் வளர்த்திருந்த புல்தரையில், தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடைகள் பத்துப் பன்னிரண்டு விரிந்து நிற்கின்றன. பேரனுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மாயி, இங்க பாருங்க... அதைவிடப் பெருசா இருக்குதுங்க!" சட்டென்று ஒரு போட்டோ. ஆப்பில் போட்டதும் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயர் வருகிறது. கூடவே, சாப்பிடக்கூடியது என்றும் வருகிறது.

அம்மாயி ஒன்றைப் பிடுங்கினார். குடையைத் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். வேலிக்கு அப்பால் வீசினார்.

"வேண்டாஞ் சாமி. இது நாய்க்குடை. போன் சொல்லிருச்சுன்னு வாயில போட்டுக்க முடியுமா?"

அவர் திருப்பிப் பார்த்தது எதை? அந்த ஒற்றை 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு விஷயம் இருக்கிறது? மழை சீஸன் தொடங்கும் நேரத்தில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கரையான் வைத்த தோட்டம்

புற்றுக்காளான் மண்ணில் தானாக முளைப்பது இல்லை. அது கரையான்கள் விவசாயம் செய்து வளர்க்கும் பயிர்.

கரையான்கள் காய்ந்த இலை, சருகு, கட்டையைத் தின்னும். ஆனால், மரத்தில் இருக்கும் கடினமான நாரை அவற்றால் முழுதாகச் செரிக்க முடியாது. அதனால், தின்றதை எச்சமாக்கி, புற்றுக்குள் தேன்கூடு போல அடுக்கி வைக்கும். அந்த அடுக்கின் மேல் 'டெர்மிட்டோமைசஸ்' என்ற பூஞ்சை வளரும். அது நாரை இளக்கிக் கொடுக்கும். அதில் உண்டாகும் வெள்ளை முடிச்சுகளும், இளகிய அடுக்கும்தான் கரையானின் சாப்பாடு. பதிலுக்குக் கரையான்கள் பூஞ்சைக்கு வீடும் ஈரமும் வெதுவெதுப்பும் கொடுத்து, வேறு பூஞ்சைகள் நுழையாமல் களையெடுக்கும்.

ஆப்பிரிக்காவில் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்த விவசாயம் தொடங்கிவிட்டது என்கிறார்கள் விஞ்ஞானிகள். மனிதன் மண்ணைக் கிளறி விதை போடத் தொடங்கி பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்தத் தொழிலில் கரையான்தான் நமக்கு மூத்தவர்!

மழை பெய்து மண் ஊறியதும், புற்றுக்குள் இருக்கும் பூஞ்சை வெளியே வந்து வித்துகளைப் பரப்ப நினைக்கும். அப்போது மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருவதுதான் நாம் பறிக்கும் காளான். மண்ணைக் குத்தி வர வேண்டும் என்பதால்தான் தலை கூராக இருக்கிறது. அடியில் இருக்கும் பூஞ்சை அடுக்கு வரைக்கும் வேர் போல ஒரு நீண்ட தண்டு போகும். மேலே மேடு இல்லாத சமதரையில் காளான் வந்தாலும், கீழே கரையான் கூடு இருக்கும்.

அதே மழையில், அதே புற்றிலிருந்து ஈசலும் கிளம்பும். வறுத்த ஈசலைப் பொரியோடு கலந்து தின்ற தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். ஈசலும் புற்றுக்காளானும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

புற்றுக்காளானில் ரகம் பல. தனித்தனியாகப் பெரிதாக வருவது ஒன்று. அரிசியை வாரி இறைத்த மாதிரி குட்டிக் குட்டியாக நூற்றுக்கணக்கில் வரும் அரிசிக்காளான் இன்னொன்று. ஆப்பிரிக்காவில் இதே குடும்பத்தில் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியும் காளானும் இருக்கிறது.

இடி இடித்தால் காளான் வருமா?

'இடி விழுந்தால் காளான் பூக்கும்' என்று ஊரில் சொல்வார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காளான் வளரும் மரக்கட்டைகளில் மின்னலைப் போல ஒரு நொடிக்கும் குறைவான நேரம் உயர் மின்னழுத்தம் பாய்ச்சிப் பார்த்தார்கள். ஷிடாகே உள்ளிட்ட சில காளான்களின் விளைச்சல் கூடியது.

ஆனால், அவை மரக்கட்டையில் வளரும் காளான்கள். நம் புற்றுக்காளானுக்கு முக்கியம் மண்ணின் ஈரம். வெயில் காலம் முடிந்து வரும் முதல் மழைகள் பெரும்பாலும் இடியோடுதான் வரும். காளானும் அப்போதுதான் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

மொட்டிலேயே எடு... கொஞ்சம் விட்டு வை!

காளான் தேடுபவர்களுக்கு எழுதப்படாத விதிகள் சில உண்டு.

முதல் விதி, நேரம். குடை விரிவதற்கு முன் மொட்டாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். காலையில் மொட்டு, மாலையில் குடை, மறுநாள் புழு. அதனால்தான் விடியற்காலையிலேயே கிளம்புகிறார்கள்.

இரண்டாவது, புற்றை இடிக்கக் கூடாது. இடித்தால் அடுத்த வருஷம் காளானும் இல்லை, கரையானும் இல்லை. புற்றை அம்மனாகக் கும்பிடுவதால் பல ஊர்களில் யாரும் அதில் கடப்பாரை வைப்பதில்லை. அந்தப் பக்தி காளானையும் சேர்த்தே காப்பாற்றியிருக்கிறது.

மூன்றாவது, எல்லாவற்றையும் வாரக் கூடாது. 'பூமிக்குக் கொஞ்சம்' என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாகக் கூடு கட்டும் கரையான்களில் பெரும்பாலானவை பூஞ்சையின் வித்தை வெளியிலிருந்துதான் எடுத்துச் செல்கின்றன. அந்த வித்து, விரிந்த குடைகளிலிருந்து விழுவது. நாலு குடையை விட்டு வைப்பது, கரையானுக்கு விதைநெல் விட்டு வைப்பது மாதிரி.

நான்காவது, இடம். நெடுஞ்சாலை ஓரம், சாக்கடைக் கரை, ஆலைக்கழிவு ஓடும் இடம், களைக்கொல்லி அடித்த வயல் ஆகியவற்றில் முளைத்தது நல்ல காளானே என்றாலும் வேண்டாம். மண்ணில் இருக்கும் கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்து வைத்துக்கொள்ளும் குணம் காளானுக்கு உண்டு.

காடு என்றால் சட்டமும் உண்டு. காப்புக்காட்டுக்குள் நினைத்தவர் நினைத்ததைப் பறிக்க முடியாது. பழங்குடிகளுக்கும், தலைமுறைகளாகக் காட்டை நம்பி வாழும் மற்றவர்களுக்கும் 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. டூர் போகிற நமக்கு அந்த உரிமை இல்லை.

சட்டிக்கு வந்த பிறகு...

புற்றுக்காளானை வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அடித்தண்டில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கத்தியால் சீவி எடுப்பது. பிறகு, இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். ஊறப்போட்டால் தண்ணீரைக் குடித்துச் சொதசொதவென்று ஆகிவிடும்.

சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், கொஞ்சம் தேங்காய் போதும். மசாலாவை அள்ளிப் போட்டால் காளானின் மணமே போய்விடும். நல்லெண்ணெயில் வெங்காயம் வதங்கியதும் காளானைப் போட்டால், தண்ணீர் அதுவே விடும். அந்தத் தண்ணீரிலேயே வேக விட்டு, கடைசியில் அரைத்ததைச் சேர்த்து ஒரு கொதி. கறிக்குழம்பு வாசனை தெருவுக்கே போகும். அடிப்படையில் இது பூஞ்சை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடக் கூடாது. பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும்.

அதே மழையில் வரும் ஆபத்து

இனி அம்மாயி வீசி எறிந்த அந்த வெள்ளைக் குடைக்கு வருவோம்.

புல்தரை, பூங்கா, மாட்டுத்தொழுவத்துப் பக்கம் பெரிதாக வெள்ளைக் குடை விரிக்கும் காளான்களில் 'குளோரோபில்லம்' என்று ஒன்று இருக்கிறது. குடையின் மேல் பழுப்புச் செதில்கள், தண்டில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு வளையம். முற்றியதும் குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகள் பச்சை நிறம் பாயும். அம்மாயி திருப்பிப் பார்த்தது அதைத்தான். இதைச் சாப்பிட்டால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நீரிழப்பே ஆபத்தாகிவிடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இளசாக இருக்கும்போது அந்த மடிப்புகள் வெள்ளையாகத்தான் இருக்கும். பச்சை இல்லை என்பதால் நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது.

இதைவிடக் கொடியது 'அமனிட்டா' குடும்பம். அதில் எல்லாமே விஷம் இல்லை. ஆனால், உலகில் காளான் விஷத்தால் நடக்கும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் குடும்பத்தின் சில காளான்களே காரணம். அவற்றில் இருக்கும் 'அமாடாக்ஸின்' என்ற நச்சு, எவ்வளவு வேக வைத்தாலும் அழியாது. காய வைத்தாலும் போகாது. ருசியிலும் தெரியாது. இவற்றில் பலவற்றுக்கு அடித்தண்டைச் சுற்றி மண்ணுக்குள் முட்டை ஓடு மாதிரி ஒரு கிண்ணம் இருக்கும். மேலோடு கிள்ளி எடுத்தால், அந்த அடையாளம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். போட்டோவிலும் அது விழாது.

ஆப்பை நம்ப முடியாததற்குக் காரணமும் இதுதான். ஆப் பார்ப்பது மேல்தோற்றத்தை மட்டும். மண்ணுக்குள் இருக்கும் தண்டும், வாசனையும், அடியில் கரையான் கூடு இருக்கிறதா என்பதும் அதற்குத் தெரியாது. பெயர் தெரிந்துகொள்ள ஆப் உதவலாம். சாப்பிடலாமா என்ற முடிவை அதனிடம் விடக் கூடாது.

2022 ஏப்ரலில் அசாமில், காட்டுக்காளான் சாப்பிட்டவர்களில் 13 பேர் சில நாள்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தேடிப் பறித்துச் சாப்பிடுவது அவர்களுக்குப் புதிதில்லை. பழக்கம் இருப்பவர்களுக்கே இந்த நிலைமை என்றால், யூடியூப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

இந்த 5 விஷயங்களை நம்பாதீர்கள்!

வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றும் 'டெஸ்ட்'கள் இவை. ஐந்துமே தவறு.

1. வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் நல்லது: உயிரைப் பறிக்கும் காளானிலும் வெள்ளி கறுக்காது.

2. கொதிக்கும்போது அரிசி, பூண்டு, மஞ்சள் போட்டால் நிறம் மாறும்: காளான் விஷத்துக்கும் இந்த நிற மாற்றத்துக்கும் சம்பந்தம் இல்லை.

3. பூச்சி, நத்தை கடித்திருந்தால் மனிதனும் சாப்பிடலாம்: நத்தைக்கு ஒத்துக்கொள்வது நமக்கு எமனாகலாம்.

4. கலர் கலராக இருப்பதுதான் விஷம், வெள்ளை நல்லது: அமனிட்டாவில் மிக மோசமான சில, தூய வெள்ளை நிறம்.

5. புளி, உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் விஷம் இறங்கிவிடும்: அமாடாக்ஸின் அப்படி இறங்காது.

சரி, எதைத்தான் நம்புவது? ஒரே வழிதான். அந்தக் காளானை, அதே ஊரில், வருஷக்கணக்காகப் பறித்துச் சாப்பிட்டவர் நேரில் பார்த்து, முழுசாகத் தோண்டி எடுத்து, சந்தேகமே இல்லாமல் சொல்ல வேண்டும். ஒரு துளி சந்தேகம் வந்தாலும் கீழே போட்டுவிட வேண்டும். கூடையில் தெரியாத ஒன்று விழுந்திருந்தால் அத்தனையையும் கொட்டிவிட வேண்டும். ஊர் விட்டு ஊர் போனால், சொந்த ஊர் அனுபவத்தை அங்கே நீட்டக் கூடாது. அங்கே பார்ப்பதற்கு அதே மாதிரி இருப்பது வேறு காளானாக இருக்கலாம்.

சாப்பிட்ட பிறகு உடம்பு சரியில்லையா?

இந்தப் பகுதியைக் கட்டாயம் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவோம். அமாடாக்ஸின் அப்படி இல்லை. சாப்பிட்டு 6 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை எதுவுமே தெரியாது. ராத்திரி சாப்பிட்டது, மறுநாள் மதியம்தான் வேலையைக் காட்டும். வாந்தி, பேதி, வயிற்றுவலி வரும். பிறகு, ஒரு நாள் போல எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருப்பது அந்த நேரத்தில்தான். அடுத்த சில நாள்களில் மஞ்சள்காமாலை, மயக்கம் என்று வரும்போது கை மீறிப் போயிருக்கும்.

எனவே, காட்டுக்காளான் சாப்பிட்டவருக்கு வாந்தி பேதி வந்தால், நின்றுவிட்டாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். 108-க்கு அழையுங்கள். மிச்சம் இருக்கும் காளானையோ, நறுக்கிப் போட்ட துண்டையோ, குழம்பையோ ஒரு பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கூடச் சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, நாட்டு மருந்து தேடுவது என்று நேரத்தைக் கடத்த வேண்டாம். இந்த விஷத்துக்கு நிச்சயமான மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் போய்ச் சேருவதுதான் உயிரைக் காக்கும்.

வெட்கமும் பெருமையும்

தேடிப் பறித்துச் சாப்பிடுவது நம் ஊரில் நேற்று வந்த பழக்கம் இல்லை. சங்க இலக்கியத்தில் இதற்கு இரண்டு முகங்கள் உண்டு. சிறுபாணாற்றுப்படை ஒரு வறுமை வீட்டைக் காட்டுகிறது. பாழடைந்த அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேக வைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவை அடைத்துக்கொண்டு குடும்பத்தோடு சாப்பிடுகிறாள்.

புறநானூற்றின் 109-வது பாட்டு வேறு மாதிரி. பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டவர்களிடம் கபிலர், இந்த மலையை உங்களால் பட்டினி போட்டுப் பிடிக்க முடியாது என்கிறார். உழவர் உழாமலே மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என நான்கை மலையே கொடுக்கிறது என்பது அவருடைய வாதம். ஒரு பக்கம் வெட்கம், இன்னொரு பக்கம் பெருமை.

அந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. களையெடுக்கப் போன இடத்தில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் மடியில் கட்டிக்கொண்டு வந்த பாட்டிகளிடம், "கடையில காசு கொடுத்து வாங்கக்கூடாதா?" என்று கேட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! அப்படிக் கேட்டுக் கேட்டே, எது நல்லது, எது கெட்டது என்ற பாடம் அடுத்த கைக்கு வராமல் நின்றுவிட்டது. இன்று அதே பிள்ளைகள், 'ஆர்கானிக்' என்று காரை நிறுத்தி, ரோட்டோரத்தில் கேட்ட விலைக்குப் புற்றுக்காளான் வாங்குகிறார்கள். ஆசை திரும்பி வந்துவிட்டது. அறிவு திரும்பி வரவில்லை. ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கிழங்கிலும் இதே கதைதான். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. விளையாட்டாகக் காட்டாமணக்குக் கொட்டையைத் தின்று ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளும் உண்டு.

ஆசை மட்டும் இருக்கிறதா? பண்ணைக்குப் போங்கள்

காளான் ருசி வேண்டும், ரிஸ்க் வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. இன்று கடைகளில் கிடைக்கும் பால்காளானும் ஒரு காலத்தில் காட்டில் பொறுக்கியதுதான். 1974-ல் மேற்கு வங்கத்தில் இதை அறிவியல் உலகுக்கு முதலில் அடையாளம் காட்டினார்கள். 1998-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதில் ஏ.பி.கே.2 என்ற ரகத்தை வெளியிட்டது. நம் ஊர் வெயிலுக்கு நன்றாக வரும். வைக்கோலும் மண்ணும் இருந்தால் வீட்டுக் கொட்டகையிலேயே வளர்க்கலாம்.

புற்றுக்காளான் மட்டும் இன்னும் பண்ணைக்குப் பிடிகொடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை வளர்த்துவிடுகிறார்கள். ஆனால், குடை விரிக்க வைப்பது பெரும்பாடு. கரையான் இல்லாமல் அது பூக்க மறுக்கிறது. அதனால், அதைத் தேடிப் போகிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

அம்மாயி வீட்டில் அன்று மதியம் காளான் குழம்பு. இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொண்ட பேரன் மெதுவாகக் கேட்டான்: "அம்மாயி, அடுத்த மழைக்கும் நான் வரட்டுங்களா?"

"வா கண்ணு. ஆனா, இந்த வருஷம் நீ பறிக்க வேண்டாம். பக்கத்துல நின்னு பாரு. அடுத்த வருஷம் நீ காட்டு, நான் பார்க்கறேன். அதுக்கடுத்த வருஷம் பறிக்கலாம்."

மூன்று மழைக்காலம். அம்மாயியின் பாடம் அவ்வளவு நீளம். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, தலையாட்டினான் பேரன்.